கசின் என்றால் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்ப் பேச்சில் ‘கசின்’ இப்போது ஆங்கிலச் சொல்லாகவே தோன்றுவதில்லை. கல்யாண வீட்டில், அலுவலகத்தில், விடுப்புக் கடிதத்தில், விசா விண்ணப்பத்தில் எல்லா இடத்திலும் புழங்குகிறது. ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு ஒரு கணக்கு, நம் முறைக்கு வேறொரு கணக்கு. இரண்டும் மோதும் இடங்களில் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

கசின் என்ற சொல்லின் சரியான பொருள் என்ன?

அப்பாவோடோ அம்மாவோடோ உடன்பிறந்தவரின் பிள்ளை. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி ஆகிய எவருடைய பிள்ளையும் உங்களுக்குக் கசின். ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா, அப்பா வழியா அம்மா வழியா என்று எதையும் அந்தச் சொல் காட்டாது. இதைவிடத் தள்ளிய உறவுகளையும் ஆங்கிலேயர் பேச்சில் கசின் என்றே சொல்வார்கள். எவ்வளவு தள்ளி என்று சொல்ல வேண்டியபோது ஃபர்ஸ்ட், செகண்ட் என்று முன்னால் சேர்த்துக்கொள்வார்கள்.

இதற்குத் தமிழில் ஒரே சொல் இல்லையா?

இல்லை. செய்தித்தாள் மொழிபெயர்ப்பில் ‘ஒன்றுவிட்ட சகோதரர்’ என்று போடுகிறார்கள். அது பாதிப் பேருக்குத்தான் பொருந்தும். ஏனென்றால் தமிழ் முறை இந்தப் பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறது.

அண்ணன் தம்பிகளின் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. அக்கா தங்கைகளின் பிள்ளைகளும் அப்படியே. அண்ணன் தங்கை, அக்கா தம்பி என்று ஆணும் பெண்ணுமாகப் பிறந்தவர்களின் பிள்ளைகள் மட்டும் முறைக்காரர்கள்: அத்தை மகன், அத்தை மகள், மாமன் மகன், மாமன் மகள். அழைக்கும் சொல் ஊருக்கு ஊர் மாறும். அத்தான், மச்சான், மச்சினன், மைத்துனன், கொழுந்தியாள், மதினி, யாழ்ப்பாணத்தில் மச்சாள், பிராமண வீடுகளில் அம்மாஞ்சி, அத்தங்கா, அம்மங்கா. சொல் எதுவானாலும் கோடு ஒன்றுதான். ஒரு பக்கம் உடன்பிறப்பு முறை, மறுபக்கம் கட்டிக்கொள்ளும் முறை. ‘கசின்’ இந்தக் கோட்டை அழித்துவிடுகிறது. குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

உலக வரலாற்றில் இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டனில் ஐந்தாம் ஜார்ஜ், ஜெர்மனியில் இரண்டாம் வில்ஹெல்ம், ரஷ்யாவில் இரண்டாம் நிக்கோலஸ் ஆட்சியில் இருந்தார்கள். வில்ஹெல்மும் நிக்கோலஸும் ஜார்ஜுக்குக் கசின்கள் என்று ஆங்கில நூல்கள் ஒரே மூச்சில் சொல்லும். தமிழ் முறைப்படி பாருங்கள். வில்ஹெல்மின் தாய், ஜார்ஜின் தந்தை ஏழாம் எட்வர்டின் அக்கா. ஆக, 1859இல் பிறந்த வில்ஹெல்ம் 1865இல் பிறந்த ஜார்ஜுக்கு அத்தை மகன், மூத்தவர், அத்தான். நிக்கோலஸின் தாயோ ஜார்ஜின் தாய் அலெக்சாண்ட்ராவுக்குத் தங்கை. ஆக, 1868இல் பிறந்த நிக்கோலஸ் சித்தி மகன், தம்பி. அத்தானோடு சண்டை, தம்பியோடு கூட்டு. ஆங்கிலத்தில் இருவரும் கசின் என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள்.

‘கசின் பிரதர்’, ‘கசின் சிஸ்டர்’ என்று சொல்வது தவறா?

இந்திய ஆங்கிலத்தில் ஊன்றிப்போன வழக்கு அது. சென்னையிலோ டெல்லியிலோ அப்படிச் சொன்னால் எல்லோருக்கும் புரியும். வெறும் கசின் என்றால் ஆணா பெண்ணா என்று தெரியவில்லையே, உறவின் நெருக்கமும் வரவில்லையே என்ற குறையிலிருந்து பிறந்த சேர்க்கை என்பதால் அதைக் கேலி செய்வது நியாயமில்லை. ஆனால் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆட்களிடம் பேசும்போதும், ஆங்கிலத் தேர்வுகளிலும் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் கணக்கில் ஒருவர் பிரதராக இருப்பார் அல்லது கசினாக இருப்பார். இரண்டுமாக இருக்க முடியாது.

அப்படியானால் ஆண், பெண் என்று எப்படிக் காட்டுவது?

பெயரைச் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது: ‘மை கசின் அருண்’. பெயர் வேண்டாமென்றால் அடுத்த வாக்கியத்தில் வரும் ‘ஹீ’ அல்லது ‘ஷீ’ காட்டிக்கொடுத்துவிடும். அம்மா வழி என்று சொல்ல ‘எ கசின் ஆன் மை மதர்ஸ் சைட்’. துல்லியமாகவே சொல்ல வேண்டுமென்றால் கசினை விட்டுவிட்டு ‘மை மதர்ஸ் பிரதர்ஸ் சன்’ என்று நீட்டிச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் அது சற்று நீளமாகத் தெரியும், ஆனால் தவறு இல்லை.

மூத்தவர் என்று சொல்லும்போது ‘ஹீ இஸ் எல்டர் தன் மீ’ என்று பலர் எழுதுகிறார்கள். ‘எல்டர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘தன்’ வராது. ‘ஓல்டர் தன் மீ’ என்பதே சரி. ‘மை எல்டர் கசின்’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைப்பதில் பிழையில்லை.

உச்சரிப்பு எப்படி? எழுத்துக்கூட்டில் ஏன் இவ்வளவு பிழை வருகிறது?

எழுத்துகள் சி, ஓ, யூ, எஸ், ஐ, என். நடுவில் ‘ஓ, யூ’ இருப்பதைப் பார்த்துச் சிலர் ‘கவுசின்’ என்று படிக்கிறார்கள். முதல் உயிர் ‘கப்’ என்ற சொல்லில் வரும் அகரம்தான். நடுவில் இருக்கும் ‘எஸ்’ இங்கே ‘ஸ’ அல்ல, அதிர்ந்து வரும் ஒலி. தொண்டையில் விரலை வைத்து ‘ஸ்ஸ்’ என்று சொன்னால் அதிர்வு இருக்காது. அதே நாக்கு நிலையில் தேனீ ரீங்காரம் போல ஒலி எழுப்பினால் விரலில் அதிர்வு தெரியும். அந்த ஒலிதான் வேண்டும். கடைசி அசையில் உயிர் இருப்பதே தெரியாமல் ‘கஸ்ன்’ என்பது போல முடியும். தமிழில் பேசும்போது ‘கசின்’ என்றே சொல்லுங்கள். அது தமிழ் நாவுக்குப் பழகிய வடிவம், திருத்த வேண்டியதில்லை.

எழுத்தில் இரண்டு பிழைகள் அடிக்கடி வரும். ஒன்று, ‘ஐ’ எழுத்துக்குப் பதில் ‘ஈ’ போடுவது. மற்றொன்று, சமையல் வகையைக் குறிக்கும் ‘குயிசீன்’ என்ற சொல்லோடு குழப்பிக்கொள்வது. கைப்பேசியில் எழுத்தை மாற்றித் தட்டினால் அதுவே திருத்தி ‘குயிசீன்’ ஆக்கிவிடும். விடுப்புக் கடிதத்தை அனுப்புமுன் அந்த ஒரு சொல்லை மட்டுமாவது கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வாக்கியத்தில் வைக்கும்போது எங்கே தவறுகிறோம்?

இது எண்ணக்கூடிய பெயர்ச்சொல். ஒருவர் என்றால் முன்னால் ‘எ’ அல்லது ‘மை’ கட்டாயம். ‘ஐ ஹேவ் கசின் இன் கனடா’ என்றால் குறை, ‘எ கசின்’ என்று வர வேண்டும். பல கசின்களில் ஒருவர் என்னும்போது ‘ஒன் ஆஃப் மை கசின்ஸ்’ என்று பன்மை வரும், ஆனால் வினை ஒருமையில் நிற்கும்: ‘ஒன் ஆஃப் மை கசின்ஸ் இஸ் கெட்டிங் மேரீட்’. இதையே சுருக்கி ‘எ கசின் ஆஃப் மைன்’ என்றால் கேட்க இன்னும் இயல்பாக இருக்கும்.

திருமணத்துக்கு விடுப்புக் கேட்கும்போது உடைமையைக் காட்டும் ‘அப்பாஸ்ட்ரஃபி’ குறியின் இடம் முக்கியம். ஒரு கசினின் கல்யாணம் என்றால் குறி ‘எஸ்’ எழுத்துக்கு முன்னால். இரண்டு கசின்களுக்கு ஒரே மேடையில் கல்யாணம் என்றால் ‘எஸ்’ எழுத்துக்குப் பின்னால்.

ஃபர்ஸ்ட் கசின், செகண்ட் கசின், ‘ஒன்ஸ் ரிமூவ்ட்’: இவற்றை எப்படிக் கணக்கிடுவது?

ஆங்கிலேயரிலும் பலர் இதில் தடுமாறுவார்கள். வழி எளிது. இருவருக்கும் பொதுவான மிக நெருங்கிய முன்னோரைக் கண்டுபிடியுங்கள். அவரிடமிருந்து ஒவ்வொருவரும் எத்தனை படி கீழே இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். சிறிய எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவது ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் ‘ரிமூவ்ட்’.

முத்தையா என்று ஒரு தாத்தாவை வைத்துக்கொள்வோம். அவர் மகன் வழிப் பேத்தி கவிதா. முத்தையாவிலிருந்து மகன் ஒரு படி, கவிதா இரண்டு. அவர் மகள் வழிப் பேரன் செல்வம், அவரும் இரண்டு படி. இரண்டில் ஒன்று போனால் ஒன்று, வித்தியாசம் எதுவும் இல்லை. ஆக, கவிதாவும் செல்வமும் ஃபர்ஸ்ட் கசின். செல்வத்தின் மகள் நிலா மூன்று படி. கவிதாவுக்கும் நிலாவுக்கும் பார்த்தால் சிறிய எண் இரண்டு, ஒன்றைக் கழித்தால் ஒன்று, வித்தியாசம் ஒன்று. எனவே நிலா, கவிதாவுக்கு ‘ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்’. கவிதாவுக்கு இனியன் என்று மகன் பிறந்தால் அவனும் மூன்று படி. இனியனும் நிலாவும் செகண்ட் கசின்.

கசினுடைய பிள்ளையைச் ‘செகண்ட் கசின்’ என்று சொல்வதுதான் இங்கே எல்லோரும் செய்யும் பிழை. தலைமுறை சமமாக இருந்தால்தான் செகண்ட் வரும். ஒரு தலைமுறை முன்பின்னாக இருந்தால் ‘ஒன்ஸ் ரிமூவ்ட்’.

அப்படியானால் ‘ஒன்றுவிட்ட அண்ணன்’ என்பதை ‘ஒன்ஸ் ரிமூவ்ட்’ என்று மொழிபெயர்க்கலாமா?

கூடாது. சொல்லுக்குச் சொல் ஒத்துப்போவது போலத் தெரிவதால் கெட்டிக்கார மொழிபெயர்ப்பாளர்களும் இதில் விழுகிறார்கள். தமிழில் ‘ஒன்றுவிட்ட’ என்பது பக்கவாட்டில் ஒரு கிளை தள்ளியதைச் சொல்கிறது. உடன்பிறந்த அண்ணன் அல்ல, அடுத்த வீட்டுப் பெரியப்பா மகன். அதாவது ஃபர்ஸ்ட் கசின். ஆங்கில ‘ரிமூவ்ட்’ மேலும் கீழுமாகத் தலைமுறை தள்ளியதைச் சொல்கிறது.

இரண்டும் ஒத்துப்போகும் இடமும் ஒன்று உண்டு. ‘ஒன்றுவிட்ட சித்தப்பா’ என்றால் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆங்கிலக் கணக்கில் அவர் உங்களுக்கு ‘ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்’. அங்கே பொருந்தியதை நம்பி மற்ற இடத்திலும் அப்படியே போட்டுவிடாதீர்கள்.

கசினுடைய பிள்ளையை நெஃப்யூ, நீஸ் என்று சொல்லலாமா?

வீட்டில், நண்பர்களிடம் சொல்லலாம். ஆங்கிலேயரும் அன்பாகப் பேசும்போது அப்படிச் சொல்வதுண்டு. படிவத்தில் எழுதக் கூடாது. நெஃப்யூ, நீஸ் என்பவை உடன்பிறந்தவரின் பிள்ளைகளுக்கு மட்டும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் ஆணுக்குப் பெரியப்பா மகனின் மகன், மகன் முறை. அத்தை மகனின் மகனோ மருமகன் முறை. ஆங்கிலத்தில் இருவரும் ஒன்றே.

மருத்துவமனையில் ‘தேர்ட் டிகிரி’ என்று எழுதுகிறார்களே, நாங்கள் ஃபர்ஸ்ட் கசின்தானே?

கர்ப்ப காலப் பரிசோதனையில் ‘சொந்தத்தில் கல்யாணமா?’ என்று கட்டாயம் கேட்பார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்று சொன்னால் அட்டையில் ‘தேர்ட் டிகிரி’ என்று எழுதுவார்கள். இரண்டுமே சரி. மருத்துவர்கள் எண்ணுவது மரபணு நெருக்கத்தை. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் முதல் நிலை. சராசரியாக 50 சதவீத மரபணு பொது. மாமா, அத்தை, சித்தப்பா, தாத்தா, பாட்டி இரண்டாம் நிலை, 25 சதவீதம். ஃபர்ஸ்ட் கசின் மூன்றாம் நிலை; 12.5 சதவீதம். அக்கா மகளைக் கட்டியவர்களின் அட்டையில் ‘செகண்ட் டிகிரி’ என்று இருப்பது இதனால்தான்.

இந்தக் கேள்விக்கு ‘கசின்’ என்று மட்டும் பதில் சொல்லாதீர்கள். அம்மாவும் மாமனாரும் கூடப்பிறந்தவர்களா, ஒன்றுவிட்டவர்களா என்று சொல்லுங்கள். செகண்ட் கசின் என்றால் பொது மரபணு 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பமா என்பதையும் சொல்ல வேண்டும். அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் கட்டியிருந்தால், அந்த இரு தம்பதிகளின் பிள்ளைகள் இரண்டு வழியிலும் கசின்கள். ஆங்கிலத்தில் ‘டபுள் கசின்’ என்பார்கள். அவர்களுக்குள் பொது மரபணு 25 சதவீதம், மாமாவுக்கும் அக்கா மகளுக்கும் உள்ள அளவு. ‘அத்தை மகன்’ என்ற ஒற்றைப் பதிலில் இது மறைந்துபோகும். முந்தைய தலைமுறையிலும் சொந்தத்தில் கட்டியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விசா படிவத்தில் பெரியப்பா மகனை ‘பிரதர்’ என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. படிவத்தில் பிரதர் என்றால் அப்பா அம்மாவில் ஒருவராவது பொதுவாக இருக்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கான விண்ணப்பத்தில் அங்கே நெருங்கிய உறவினர் இருக்கிறார்களா என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியில் அடங்குபவர்கள் கணவன் அல்லது மனைவி, மணம் நிச்சயிக்கப்பட்டவர், பிள்ளை, உடன்பிறந்தவர். கசின் அந்தப் பட்டியலில் இல்லை. நியூஜெர்சியில் இருக்கும் பெரியப்பா மகனைப் பாசத்தோடு பிரதர் என்று எழுதி, நேர்காணலில் ‘அவருடைய அப்பா பெயர் வேறாக இருக்கிறதே’ என்று அதிகாரி கேட்டால், நீங்கள் மறைக்காத ஒன்றை மறைத்தது போல ஆகிவிடும்.

நேர்காணலில் ‘யார் வீட்டில் தங்குவீர்கள்?’ என்று கேட்டால் ‘மை கசின், மை ஃபாதர்ஸ் பிரதர்ஸ் சன்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். அடுத்த கேள்விக்கு இடமே இருக்காது.

வருமான வரிக் கணக்கில் கசின் ‘உறவினர்’ ஆவாரா?

ஆக மாட்டார். உறவினரிடமிருந்து வரும் அன்பளிப்புப் பணத்துக்கு வரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ‘உறவினர்’ யார் என்பதற்குச் சட்டம் பட்டியல் வைத்திருக்கிறது. கணவன் அல்லது மனைவி, உங்கள் உடன்பிறந்தவர், வாழ்க்கைத் துணையின் உடன்பிறந்தவர், உங்கள் பெற்றோரின் உடன்பிறந்தவர், உங்களுக்கோ துணைக்கோ நேர் மேல் கீழ் வழியினர் (பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை போன்றோர்), இவர்களுடைய துணைவர்கள். பெற்றோரின் உடன்பிறந்தவரின் பிள்ளை அதில் இல்லை.

கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். வீடு கட்ட அத்தை மூன்று லட்சம் கொடுத்தால் உங்களுக்கு வரி கிடையாது. அதே மூன்று லட்சத்தை அத்தை மகன் தன் கணக்கிலிருந்து அனுப்பினால், உறவினர் அல்லாதவரிடமிருந்து அந்த நிதியாண்டில் வந்த தொகை 50,000 ரூபாயைத் தாண்டிவிட்டதால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, மூன்று லட்சம் முழுவதுக்கும் வரி. உங்கள் திருமணத்தை ஒட்டி வந்த அன்பளிப்பு என்றால் விலக்கு உண்டு, யார் கொடுத்தாலும். கடன் என்றால் அன்பளிப்பு ஆகாது, ஆனால் அதைக் கடன் என்று காட்ட எழுத்து வேண்டும். தணிக்கையாளரிடம் ‘சொந்தக்காரர் கொடுத்தது’ என்று பொதுவாகச் சொன்னால் அவர் உறவினர் என்று போட்டுவிடக்கூடும். உறவை உடைத்துச் சொல்லுங்கள்.

சிறுநீரகம் தானம் செய்ய கசின் முன்வந்தால்?

இந்திய உறுப்பு மாற்றுச் சட்டம் 1994ஆம் ஆண்டினுடையது. அதில் ‘நெருங்கிய உறவினர்’ என்பவர் கணவன் அல்லது மனைவி, மகன், மகள், தாய், தந்தை, உடன்பிறந்தவர். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியும் பேரன் பேத்தியும் சேர்க்கப்பட்டார்கள். கசின் இல்லை. கூடவே வளர்ந்த சித்தப்பா மகன் என்றாலும், தானம் செய்ய அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். பணத்துக்காக அல்ல, பாசத்தால் கொடுக்கிறார் என்பதை அந்தக் குழுவுக்கு நிறுவ வேண்டும்.

இங்கே ‘பிரதர்’ என்று எழுதுவது ஆபத்து. ஆவணங்களைச் சரிபார்க்கும்போது பெற்றோர் பெயர் ஒத்துவராவிட்டால் ஏமாற்றப் பார்ப்பதாகச் சந்தேகம் வரும். நோயாளிக்கு ஒவ்வொரு வாரமும் முக்கியமான நேரத்தில் கோப்பு திரும்பி வரும். முதல் நாளே கசின் என்று எழுதுங்கள். இரண்டு குடும்பங்களுக்கும் பொதுவான தாத்தா பாட்டியைக் காட்டும் ஆவணங்களைத் திரட்டி வையுங்கள்.

‘கசினைக் கல்யாணம் செய்தேன்’ என்று வெளியூர்க்காரரிடம் சொன்னால் முகம் சுளிக்கிறார்களே?

அவர்கள் காதில் விழுவது வேறு பொருள். வட இந்தியாவில் பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் எல்லாக் கசினும் உடன்பிறப்புக்குச் சமம், ராக்கி கட்டும் உறவு. அமெரிக்காவில் கசின் திருமணச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. தமிழில் ‘அத்தை மகனைக் கட்டினேன்’ என்பதில் முறை தவறாத ஒழுங்கு தெரிகிறது. ‘கசினைக் கட்டினேன்’ என்பதில் அது தெரிவதில்லை. சித்தப்பா மகளைக் கட்டியவரும் அதே சொல்லைத்தானே சொல்ல முடியும்? எனவே உறவை விரித்து, ‘எங்கள் வழக்கத்தில் அம்மாவின் சகோதரர் பிள்ளைகளை மணக்கலாம், அப்பாவின் சகோதரர் பிள்ளைகள் உடன்பிறப்பு’ என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.

ஐரோப்பாவிலும் இது புதிதல்ல. 1839இல் சார்லஸ் டார்வின் மணந்த எம்மா வெட்ஜ்வுட் அவருடைய தாய்மாமன் மகள். 1840இல் விக்டோரியா அரசி மணந்த ஆல்பர்ட் அவருடைய தாய்மாமன் மகன். இரண்டுமே நம் கணக்கில் முறையான சம்பந்தம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி எல்லா ஃபர்ஸ்ட் கசினும் தடுக்கப்பட்ட உறவுதான். அண்ணன் தங்கை பிள்ளைகளும் அதில் அடக்கம். ஆனால் இருவரையும் கட்டுப்படுத்தும் வழக்கம் அனுமதித்தால் அந்தத் தடை இல்லை. தமிழ்நாட்டில் அத்தை மகன், மாமன் மகள் திருமணம் செல்லுபடியாவது இந்த விலக்கால்தான். வழக்கம் இருவர் பக்கமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருமணம் செல்லாது, தண்டனையும் உண்டு. இஸ்லாமியச் சட்டம் நான்கு வழிக் கசின்களையும் மணக்க அனுமதிக்கிறது.

ஆங்கிலக் கதையை மொழிபெயர்க்கும்போது கசினை எப்படித் தமிழாக்குவது?

முதலில் கதையிலேயே தேடுங்கள். யாருடைய தாய் தந்தை யாருக்கு உடன்பிறப்பு என்பது எங்காவது ஓரிடத்தில் வந்துவிடும். தெரிந்துவிட்டால் முறைப்படியே போடுங்கள். தெரியாவிட்டால் ‘உறவுக்காரப் பையன்’, ‘சொந்தக்காரப் பெண்’ என்று விடுவது நேர்மை. ஊகித்து அண்ணன் என்று போட்டு, பத்தாம் அத்தியாயத்தில் இருவரும் காதலித்தால் வாசகர் திகைத்துப்போவார்.

பழைய ஆங்கிலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஷேக்ஸ்பியர் காலத்தில் அண்ணன் மகன், தங்கை மகள் என்று உடன்பிறப்புக்கு அப்பாற்பட்ட எந்த உறவையும் கசின் என்பார்கள். அரசர்கள் பிற அரசர்களையும் பிரபுக்களையும் மரியாதைக்குக் கசின் என்று விளிப்பதும் உண்டு. 1611இல் வந்த ஆங்கில விவிலியம் எலிசபெத்தை மரியாளின் கசின் என்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதே இடத்தில் ‘இனத்தாள்’ என்கிறது. மூலக் கிரேக்கச் சொல்லும் உறவுப்பெண் என்று பொதுவாகச் சொல்வதுதான். மிகப் பொருத்தமான தேர்வு அது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது சிக்கல் தலைகீழாகிறது. மனைவி கணவனை ‘அத்தான்’ என்று அழைக்கும் இடத்தில் கசின் என்று போட்டால் காட்சியே செத்துவிடும். அங்கே பெயரோ செல்லச் சொல்லோ போதும். நண்பர்களுக்குள் வரும் ‘மச்சான்’ உறவே அல்ல. ‘பங்காளி’யை வெறும் கசின் என்றால் சொத்தில் பங்குள்ளவன் என்ற பொருள் உதிர்ந்துவிடும், அதற்கு ஓர் அடைமொழி தேவை.

ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இப்படி ஒரே சொல்?

லத்தீனில் பிரிவு இருந்தது. கசினுக்கு மூலமான ‘கான்சோப்ரீனுஸ்’ முதலில் தாயின் சகோதரி பிள்ளையை மட்டும் குறித்தது. தந்தையின் சகோதரர் பிள்ளைக்கு ‘பாட்ருவேலிஸ்’, அத்தை வழிக்கு ‘அமிட்டீனுஸ்’ என்று தனிச் சொற்கள் இருந்தன. போகப் போக முதல் சொல்லே எல்லாவற்றையும் விழுங்கி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பழைய ஆங்கிலத்திலும் தந்தையின் சகோதரருக்கு ஒரு சொல், தாய்மாமனுக்கு வேறொரு சொல் இருந்தது. பிரெஞ்சு ‘அங்கிள்’ வந்து இரண்டையும் தள்ளிவிட்டது. நம் வீடுகளில் ‘அங்கிள், ஆன்ட்டி, கசின்’ என்ற மூன்று சொற்கள் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையும் இதுவேதான்.

‘கோ-சிஸ்டர்’, ‘கோ-பிரதர்’ என்பவர்கள் கசின்களா?

இல்லை. ஓரகத்தி, சகலை என்பவற்றுக்கு இந்தியாவில் உருவான ஆங்கிலச் சொற்கள் அவை. வெளிநாட்டாருக்குப் புரியாது. ‘மை ஹஸ்பண்ட்ஸ் பிரதர்ஸ் வைஃப்’ என்று விரித்துச் சொல்ல வேண்டும். கசினுடைய கணவன், மனைவி, அல்லது உங்கள் துணையின் கசின் ஆகியோர் ‘கசின்-இன்-லா’.

பொருள்களையும் கசின் என்கிறார்களே?

ஒத்த வகையைச் சேர்ந்தது என்ற பொருளில் சொல்வார்கள். வயலினுக்கு வியோலா கசின், இஞ்சிக்கு மஞ்சள் கசின் என்பது போல. தமிழில் அப்படியே போட்டால் ஒட்டாது, ‘ஒரே குடும்பம்’, ‘அதே இனம்’ என்றால் போதும். ‘கன்ட்ரி கசின்’ என்பது நகரப் பழக்கம் அறியாத பட்டிக்காட்டு உறவினர் என்று இளப்பமாகச் சொல்வது. யாரையும் பார்த்துச் சொல்லாதீர்கள்.

பிள்ளைகள் எல்லோரையும் கசின் என்றே சொல்கிறார்கள். முறை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொன்னால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். பிள்ளைக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: ‘அவங்க அம்மாவை அல்லது அப்பாவை நீ எப்படிக் கூப்பிடுவே?’ அத்தை அல்லது மாமா என்று பதில் வந்தால் முறைக்காரர். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி என்று வந்தால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. செகண்ட் கசினுக்கும், அதற்கு அப்பாலும் இதே கேள்வி வேலை செய்யும், ஏனென்றால் பெற்றோர் தலைமுறையில் முறை சரியாக இருந்தால் அடுத்த தலைமுறைக்கு அது தானாக இறங்கும்.

அதற்கு நீங்கள் முதலில் ‘அங்கிள், ஆன்ட்டி’யை விட வேண்டும். அம்மாவின் தம்பியை மாமா என்றும் அப்பாவின் தம்பியைச் சித்தப்பா என்றும் வீட்டில் கூப்பிட்டுப் பழக்கியிருந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் இருக்கும். இருவரும் அங்கிள் என்றால் அங்கேயே நின்றுவிடும். ஆங்கிலத்தில் பேசும்போது பிள்ளை கசின் என்று சொல்லட்டும், அது அந்த மொழிக்குச் சரியான சொல். கல்யாண வீட்டில் கூட்டத்துக்கு நடுவே யாரையாவது காட்டி ‘இது யாரு?’ என்று பாட்டி கேட்கும்போது, ‘என் மாமா பையன்’ என்று சொல்ல வர வேண்டும்.